கடும் உடற்பருமனும் இரைப்பை அறுவைச் சிகிச்சையும்: எந்த முறை யாருக்கு?



உடல் பருத்தவரைக் கண்டால் நம்மவரிடையே இரண்டு விதமான பேச்சு எழுவதுண்டு. "நன்றாகச் சாப்பிட்டு வளமாக இருக்கிறார்" என்பது ஒன்று. "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே நோயுற்றவருக்கு உதவாத பேச்சு. ஓர் எல்லையைத் தாண்டிய உடற்பருமன் வளத்தின் அடையாளமும் அன்று. ஒழுக்கக் குறைவின் அடையாளமும் அன்று. அது ஒரு நோய். அந்நோய்க்கு அறுவைச் சிகிச்சை என்னும் ஒரு வழியும் இருக்கிறது. அதில் இன்று நடைமுறையில் உள்ள முறைகள் எவை, அவற்றுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு, எந்த முறை யாருக்குப் பொருந்தும் என்பவற்றை இவ்வுரையில் காண்போம்.

முதலில், கடும் உடற்பருமன் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒருவருடைய எடையைக் கிலோகிராமில் எடுத்துக்கொண்டு, அதனை அவருடைய உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உயரத்தை மீட்டரில் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 1.60 மீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்வோம். 1.60ஐ 1.60ஆல் பெருக்கினால் 2.56. 110ஐ 2.56ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43. இதுவே அவருடைய உடல் எடைக் குறியீட்டெண். இந்த எண் 40ஐத் தாண்டினால் அதனைக் கடும் உடற்பருமன் என்கிறோம். 35க்கு மேற்பட்டு, இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, உறக்கத்தில் மூச்சு அடைபடுதல் போன்ற துன்பங்களும் சேர்ந்திருந்தால் அதுவும் கடுமையானதே. இந்தப் பெண்மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவருடைய கணக்கு நமக்குத் தேவைப்படும்.

ஆசிய மக்களுக்கு, குறிப்பாக இந்திய வழித்தோன்றல்களுக்கு, இந்த எண் குறைவாக இருக்கும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது. நம்மவருக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றியும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் சேர்வது அதிகம். ஆகையால்தான் 2022ஆம் ஆண்டில் உலக அளவிலும் அமெரிக்காவிலும் இயங்கும் இரண்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டபோது, பொதுவாக 35 என்ற எல்லையை வகுத்து, ஆசியருக்கு 27.5 என்ற எல்லையிலேயே அறுவைச் சிகிச்சையைக் கருதலாம் என்று கூறின. இதன் நடைமுறை நாட்டுக்கு நாடு வேறுபடும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் இருவருக்கு ஒருவர் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர் என்று காட்டிற்று. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியரிடையேதான் அளவு மிகுதி. எனவே இது யாரோ சிலருடைய பிரச்சினை அன்று. நம் வீட்டுப் பிரச்சினை.

"உணவைக் குறைத்து உடற்பயிற்சி செய்தால் போதாதா? எதற்குக் கத்தி?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மிகை எடை சிறிதளவாக இருந்தால் அதுவே போதும். கடும் உடற்பருமனில் நிலைமை வேறு. பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவரின் உடல், பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்புநீர் பெருகுகிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புநீர்கள் குறைகின்றன. உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. ஆறு மாதம் போராடிக் குறைத்த எடை அடுத்த ஆண்டே திரும்பி வந்துவிடுவது இதனால்தான். அங்கே தோற்பது மனஉறுதி அன்று. உடலின் பழைய தற்காப்பு முறை வெல்கிறது என்பதே உண்மை. அறுவைச் சிகிச்சையின் சிறப்பு, அந்தத் தற்காப்பு முறையையே மாற்றி அமைப்பதில் இருக்கிறது.

இந்த மருத்துவத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் என்போர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதபடி விலக்கி வைக்கும் ஒரு முறையை வெளியிட்டனர். எடை குறைந்தது உண்மை. ஆனால் ஈரல் பழுதும் சிறுநீரகக் கற்களும் கடும் வயிற்றுப்போக்கும் கூடவே வந்தன. ஆகவே அம்முறை கைவிடப்பட்டது. 1966ஆம் ஆண்டில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்ற அறுவை மருத்துவர் வேறொரு வழி கண்டார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் மெலிந்து போவதும் மீண்டும் பருக்காமல் இருப்பதும் அவருக்கு ஒரு குறிப்பைத் தந்தன. அதிலிருந்து பிறந்ததே இரைப்பை மாற்றுவழி முறை. 1976ஆம் ஆண்டில் இத்தாலியின் ஜெனோவா நகரில் ஸ்கோப்பினாரோ என்பவர், பித்தநீரையும் கணையநீரையும் தனி வழியில் திருப்பிவிடும் முறையைத் தொடங்கினார். 1990களில் வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை வந்த பிறகே இச்சிகிச்சை பரவலாயிற்று. இன்று பெரும்பாலும் நான்கைந்து சிறு துளைகளே. ஓரிரு நாளில் எழுந்து நடந்து வீடு திரும்பலாம்.

இனி, ஒவ்வொரு முறையாகக் காண்போம். அதற்கு முன் உணவு செல்லும் பாதையை மனத்தில் வரைந்துகொள்வது நல்லது. வாயில் மென்ற உணவு, உணவுக்குழாய் வழியே இரைப்பையை அடைகிறது. இரைப்பை ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய, விரியும் பை. அங்கிருந்து உணவு சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. சிறுகுடலின் தொடக்கத்திலேயே பித்தநீரும் கணையநீரும் வந்து கலக்கின்றன. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள அந்தக் குடலில்தான் சத்துகள் உறிஞ்சப்படுகின்றன. எல்லா முறைகளும் இந்தப் பாதையில் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன: பையைச் சிறிதாக்குகின்றன, அல்லது பாதையைச் சுருக்குகின்றன, சில முறைகள் இரண்டையும் செய்கின்றன.

முதலாவது, வளையம் பொருத்தும் முறை. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிகோனால் ஆன ஒரு வளையத்தைப் பொருத்துவார்கள். தோலுக்கு அடியில் உள்ள ஒரு சிறு குமிழ் வழியாக ஊசியால் உப்புநீரைச் செலுத்தினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வெட்டுவதும் இல்லை, தைத்து இணைப்பதும் இல்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இந்த எளிமையால் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இது மிகவும் பெயர் பெற்றிருந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல வளையம் நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உட்செல்லுதல், உணவுக்குழாய் வீங்குதல் முதலிய தொல்லைகள் தோன்றின. எடைக்குறைவும் மற்ற முறைகளைவிடக் குறைவே. பலருக்கு அதனைக் கழற்ற மீண்டும் ஓர் அறுவை தேவைப்பட்டது. இன்று இம்முறை மிக அரிதாகவே செய்யப்படுகிறது. எளிதில் மாற்றக்கூடியது என்பதற்காக மட்டும் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கலாகாது என்பதே இதன் பாடம்.

இரண்டாவது, இரைப்பையைக் குழாயாக்கும் முறை. உலகில் இன்று மிகுதியாகச் செய்யப்படுவது இதுவே. சட்டையின் கை போன்ற வடிவத்தில் இரைப்பையை ஒடுக்குவதால் ஆங்கிலத்தில் இதனை 'ஸ்லீவ்' என்கிறார்கள். இரைப்பையின் வெளிப்புற வளைவை ஒட்டி நெடுக வெட்டி, நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீக்கிவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குறுகிய குழாய். குடலில் கை வைப்பதில்லை. உணவின் பாதையும் மாறுவதில்லை.

இம்முறை பிறந்த விதம் சுவையானது. மிக மிகப் பருத்தவர்களுக்குப் பெரிய அறுவையை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்று கருதி, 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் அதனை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டமாக இரைப்பையை மட்டும் ஒடுக்கிவிட்டு, எடை குறைந்த பின் குடலைத் திருத்துவது திட்டம். முதல் கட்டத்திலேயே பலருக்குப் போதுமான எடை குறைந்துவிட்டது. இரண்டாம் கட்டம் பலருக்குத் தேவைப்படவே இல்லை. முதற்படியாக எண்ணியது தனி முறையாகிவிட்டது.

பை சிறிதானதால் மட்டும் இம்முறை பயன் தருகிறது என்று எண்ண வேண்டாம். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற சுரப்புநீரை 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்முகட்டில் சுரக்கிறது. இம்முறையில் நீக்கப்படுவது அந்த முகடுதான். ஆகவே பசியே குறைந்துவிடுகிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது. இது மீளா முறை.

மூன்றாவது, இரைப்பை மாற்றுவழி முறை. நெஞ்சில் செய்யும் பைபாஸ் அறுவையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதுவும் பைபாஸ்தான், ஆனால் இதயத்தில் அன்று, இரைப்பையில். இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அதாவது இரண்டு மேசைக் கரண்டி அளவு. சிறுகுடலை வெட்டி, கீழ்ப்பகுதியை மேலே தூக்கி, இந்தச் சிறு பையுடன் இணைக்கிறார்கள். எஞ்சிய பெரிய இரைப்பை நீக்கப்படுவதில்லை. உள்ளேயே இருக்கும், உணவு மட்டும் அதற்குள் போகாது. அதிலிருந்து வரும் செரிமான நீர்கள் ஒன்று அல்லது ஒன்றரை மீட்டருக்குக் கீழேதான் உணவுடன் சேரும். குடல்கள் ஆங்கில எழுத்து 'ஒய்' போல இணைவதாலும், அவ்வகை இணைப்பைப் பரப்பிய சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் சேசர் ரூ என்பவரின் பெயராலும் இதனை 'ரூ-ஒய்' முறை என்பர்.

உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைவில் அடைவதால், வயிறு நிறைந்தது என்று மூளைக்கு அறிவிக்கும் சுரப்புநீர்கள் மிகுதியாக எழுகின்றன. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வதும் அவற்றின் வேலை. ஆகையால்தான் சில இனிப்புநீர் நோயாளிகளுக்கு, எடை குறையத் தொடங்கும் முன்னரே, அறுவை முடிந்த சில நாள்களில் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடுகிறது.

நான்காவது, ஒற்றை இணைப்பு மாற்றுவழி முறை. 1997ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரட்லெட்ஜ் தொடங்கியது இது. நீண்ட ஒரு பையை அமைத்து, குடலை ஒரே இடத்தில் மட்டும் இணைப்பார்கள். செய்வது எளிது, நேரமும் குறைவு. பிரான்சில் நடந்து 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் எடைக்குறைவில் இது ரூ-ஒய் முறைக்குத் தாழ்ந்ததன்று என்று தெரிந்தது. எனினும் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் இதில் கூடுதலாகக் காணப்பட்டன. பித்தநீர் மேலேறி வரக்கூடும் என்ற கவலையும் உண்டு.

ஐந்தாவது, குழாய் இரைப்பையுடன் குடலின் பெரும்பகுதியையும் விலக்கும் முறை. ஸ்கோப்பினாரோ வகுத்த வழியிலிருந்து வளர்ந்தது இது. உணவும் செரிமான நீர்களும் சிறுகுடலின் கடைசி ஒரு மீட்டர் அளவிலேயே கலக்கும்படி செய்வார்கள். எடைக்குறைவிலும் இனிப்புநீர்க் கட்டுப்பாட்டிலும் இதற்கு இணையில்லை. ஆனால் புரதம், இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகள் ஆகியவற்றின் குறைவும் இதில்தான் மிகுதி. வாழ்நாள் முழுவதும் தவறாமல் பரிசோதனைக்கு வர இயலாதவருக்கு இது பொருந்தாது.

நேயர்களே, இவற்றுள் நடைமுறையில் நம்மவர் முன் வைக்கப்படுவன பெரும்பாலும் இரண்டு: குழாயாக்கும் முறையும் ரூ-ஒய் மாற்றுவழி முறையும். ஆகவே இவ்விரண்டையும் சற்று விரிவாக ஒப்பிடுவோம். நல்லூழாக, இவை பற்றிய நேர்மையான ஆய்வுகள் உள்ளன. பின்லாந்தில் 240 பேரைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு முறையும் மற்றதற்கு மற்றதும் செய்தார்கள். ஐந்தாண்டு முடிவு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. மிகை எடையில் குழாயாக்கும் முறை 49 விழுக்காட்டையும், மாற்றுவழி முறை 57 விழுக்காட்டையும் குறைத்திருந்தன.

இந்த விழுக்காட்டின் பொருள் என்ன? நம் பெண்மணியின் கணக்கை எடுப்போம். அவருடைய உயரத்திற்குக் குறியீட்டெண் 25 என்றால் எடை 64 கிலோ. அவர் எடை 110. எனவே மிகை எடை 46 கிலோ. அதில் 49 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 22½ கிலோ. 57 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 26 கிலோ. ஆக, இரு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நான்கு கிலோவுக்கும் குறைவு. இன்னொன்றையும் கவனியுங்கள். அறுவை முடிந்து ஐந்தாண்டுக்குப் பின் அந்தப் பெண்மணியின் எடை 84 முதல் 88 கிலோ வரை இருக்கும். அவர் ஒல்லியாகிவிடவில்லை. ஆயினும் அவருடைய முழங்கால் வலி தணிந்திருக்கலாம். இரத்தக் கொதிப்பு மாத்திரை குறைந்திருக்கலாம். இரவில் மூச்சடைப்பின்றி உறங்கலாம். திரைப்பட நடிகையரைப் போலாவது இதன் நோக்கமன்று. நோயின் பிடியைத் தளர்த்துவதே நோக்கம். இதனை முன்கூட்டியே உணராதவர்தாம் பின்னர் ஏமாற்றம் அடைகிறார்கள்.

எடையில் வேறுபாடு சிறிதென்றால், எதில் வேறுபாடு பெரிது? நெஞ்செரிச்சலில். அதே 2018ஆம் ஆண்டில் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வில், குழாயாக்கும் முறை செய்துகொண்டவர்களில் 32 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சல் முன்னைவிட மோசமாயிற்று. மாற்றுவழி முறையில் அது 6 விழுக்காடே. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தவர்களில், மாற்றுவழி முறையால் 60 விழுக்காட்டினர் குணமடைந்தனர். குழாயாக்கும் முறையால் 25 விழுக்காட்டினரே குணமடைந்தனர். காரணம் எளிது. குறுகிய குழாயில் அழுத்தம் கூடுகிறது. அமிலம் மேலே ஏறுகிறது. பின்லாந்து ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022ஆம் ஆண்டில் வந்தது. குழாய் இரைப்பை உடையோரில் 31 விழுக்காட்டினருக்கு உணவுக்குழாயில் அழற்சி காணப்பட்டது. மாற்றுவழி செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கே காணப்பட்டது. ஆகவே, இரவில் புளித்த நீர் தொண்டைக்கு ஏறி விழித்துக்கொள்பவர் யாராயினும், அதனை மருத்துவரிடம் மறைக்காமல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். "சாதாரண வாயுத் தொல்லை" என்று நாம் தள்ளிவிடும் ஒன்று, எந்த அறுவை என்பதையே மாற்றக்கூடும்.

இனிப்புநீர் நோய்க்கு எது நல்லது? அமெரிக்காவில் 150 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் வந்தவர்கள், மருந்து மட்டும் உட்கொண்ட பிரிவில் 5 விழுக்காடு. மாற்றுவழி முறையில் 29. குழாயாக்கும் முறையில் 23. இரண்டு அறுவைகளும் மருந்தை வென்றன. ஆனால் பெரும்பாலோருக்கு நோய் அடியோடு போய்விடவில்லை என்பதையும் இதே எண்கள் கூறுகின்றன. நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவருக்குப் பயன் அதிகம். பல்லாண்டு இன்சுலின் போட்டுக்கொண்டவருக்குக் குறைவு.

இவ்வளவும் செய்து ஆயுள் கூடுகிறதா? சுவீடனில் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் ஆய்வு, அறுவை செய்துகொண்ட ஈராயிரம் பேரையும் செய்துகொள்ளாத ஈராயிரம் பேரையும் பல்லாண்டு பின்தொடர்ந்தது. 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அறுவை செய்துகொண்டவர்களின் எதிர்பார்க்கும் ஆயுள் மூன்று ஆண்டுகள் கூடுதல். எனினும் பொது மக்களின் ஆயுளைவிட அது ஐந்தரை ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் செய்யப்பட்டவை இன்று கைவிடப்பட்ட பழைய முறைகள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி ஆபத்துகளைப் பார்ப்போம். தேர்ந்த மருத்துவமனைகளில் இவ்வறுவையால் உயிரிழப்போர் ஆயிரத்தில் ஓரிருவரே. பித்தப்பையை நீக்கும் அறுவையோடு இதனை ஒப்பிடலாம். தைத்த இடத்தில் கசிவு, இரத்தக்கசிவு, காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகிய மூன்றும் முதல் சில வாரங்களில் அஞ்சத்தக்கவை. வீடு திரும்பிய பின் காய்ச்சல், படபடப்பு, மூச்சுத் திணறல், தோள்வரை பரவும் வலி எது வந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பிற்காலத்தில், மாற்றுவழி செய்துகொண்டவருக்குக் குடல் உட்பிதுங்கி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. இணைப்பிடத்தில் புண்ணும் வரலாம். புகைபிடிப்போருக்கும், மூட்டுவலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவோருக்கும் அது மிகுதி. இனிப்பை உண்டவுடன் வியர்த்து, நெஞ்சு படபடத்து, மயக்கம் வருவதும் உண்டு. எடை விரைந்து குறைவதால் பித்தக்கற்கள் தோன்றுவது எந்த முறைக்கும் பொது.

சத்துக்குறைவு தனியே சொல்லத்தக்கது. 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர், தீட்டிய வெள்ளையரிசியே பெரிபெரி நோய்க்குக் காரணம் என்பதை ஒரு மனநல விடுதியில் நடத்திய ஆய்வால் காட்டினார். தவிட்டோடு போய்விட்ட 'பி-1' உயிர்ச்சத்தின் குறைவே அந்நோய் என்பது பின்னர் தெளிவாயிற்று. இந்த மண்ணைவிட்டு மறைந்த அதே நோய், அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் வாந்தி எடுத்துக் கவனிக்காமல் விட்டவரிடம் திரும்ப வரக்கூடும். கால் மரத்துப்போதல், கண் இரட்டையாகத் தெரிதல், தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். மேலும், மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்தும், மரக்கறி உணவினருக்கு 'பி-12' உயிர்ச்சத்தும் எளிதில் குறையும். ஆகவே மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும்.

அப்படியானால் யாருக்கு எது? சுருக்கமாகச் சொல்வோம். கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கும், இனிப்புநீர் முதன்மைத் தொல்லையாக உள்ளவருக்கும் மாற்றுவழி முறை பொருந்தும். முன்பே குடலில் பெரிய அறுவை செய்துகொண்டவர், குடல் அழற்சி நோயினர், மூட்டு நோய்க்கு வலிமாத்திரை இன்றி வாழ இயலாதவர், அளவு பிசகாமல் உறிஞ்சப்பட வேண்டிய மருந்துகளை உண்பவர் ஆகியோருக்குக் குழாயாக்கும் முறை ஏற்றது. குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் உள்ளவருக்கும் அதுவே வசதி. ஏனெனில் மாற்றுவழி செய்தபின் உள்ளே ஒதுக்கப்பட்ட இரைப்பையை வாய்வழிக் குழாயால் எட்டிப் பார்ப்பது கடினம். குறியீட்டெண் 50ஐத் தாண்டியவருக்கு இரண்டு கட்டமாகச் செய்வதுண்டு. இவை பொது விதிகள். இறுதி முடிவு மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து எடுப்பது.

அண்மைக் காலத்தில் ஊசிமருந்துகளும் வந்துள்ளன. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில் செமாகுளூடைடு என்ற மருந்து 68 வாரங்களில் உடல் எடையில் சுமார் 15 விழுக்காட்டைக் குறைத்தது. 2022ஆம் ஆண்டில் வந்த ஆய்வில் டிர்செபட்டைடு 72 வாரங்களில், உயர்ந்த அளவில், சுமார் 21 விழுக்காட்டைக் குறைத்தது. அறுவையால் முதல் ஓரிரு ஆண்டில் மொத்த எடையில் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ குறைகிறது. ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. விலையும் தொடர்ந்து கொடுத்தாக வேண்டும். கத்திக்கு அஞ்சுபவருக்கும் அறுவை தாங்காதவருக்கும் இது நல்ல வழி. சிலருக்கு இரண்டும் சேர்ந்தும் பயன்படும்.

அறுவைக்குப் பிந்திய வாழ்க்கைதான் உண்மையான சிகிச்சை. முதல் இரண்டு வாரம் நீராகாரம், பின்னர் குழைத்த உணவு, அதன்பின் மென்மையான உணவு. தட்டில் முதலில் புரதம்: மீன், முட்டை, கோழி, பருப்பு, தௌஹூ. சோறு கடைசியில், சில கரண்டிகள். உண்ணும்போது நீர் பருகக்கூடாது. சிறிய இரைப்பையையும் ஏமாற்றக்கூடியது ஒன்றுண்டு. அது கெட்டிப்பால் கலந்த தே தாரிக், இனிப்புப் பானம், ஐஸ்கிரீம் போன்ற நீர்ம இனிப்பு. அவை தடையின்றி வழுக்கிச் செல்லும். எடை திரும்பிவரும் வழி அதுவே. மது, மாற்றுவழி செய்தவரின் இரத்தத்தில் மிக விரைவாக ஏறும். நீண்ட விரதத்தை மருத்துவரைக் கேட்காமல் மேற்கொள்ளக்கூடாது.

இங்கே குடும்பத்தாரின் கடமை பெரிது. விருந்தினரை "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவது நம் பண்பாடு. இரண்டு இட்டிலிகளில் ஒன்றை மட்டும் உண்டு எழும் உறவினரைக் கண்டு, "என் சமையல் பிடிக்கவில்லையா?" என்று மனம் கோணாதீர்கள். அவருக்கு அரை இட்டிலியே விருந்து. "வெட்டிக்கொண்டு மெலிந்தவர்" என்ற ஏளனமும் வேண்டாம். கண்ணில் புரை விழுந்தவர் அறுவை செய்துகொண்டால் நாம் ஏளனம் செய்வதில்லையே!

அறுவை செய்துகொள்ள எண்ணுவோர் மருத்துவரிடம் தயங்காமல் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். எனக்கு எந்த முறை, ஏன் மற்றது வேண்டாம்? முன்னதாக என் உணவுக்குழாயையும் இரைப்பையையும் குழாய் விட்டுப் பார்ப்பீர்களா? இந்த அறுவையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்? பின்னர் உணவியலாளரும் தாதியரும் எத்தனை ஆண்டு என்னைக் கவனிப்பார்கள்? மொத்தச் செலவு என்ன? நம் நாட்டில் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுகிறது. தனியார் மருத்துவமனையில் பல்லாயிரம் ரிங்கிட் ஆகும். காப்புறுதி இருந்தாலும் இச்செலவை அது ஏற்குமா என்பதை எழுத்து மூலம் முன்னரே தெரிந்துகொள்வது நல்லது.

நேயர்களே, திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை அளவறிந்து உண்பதற்கே ஒதுக்கினார். அதன் இறுதிக் குறளில் நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்றார். இந்த அறுவைக்கு அதனினும் பொருத்தமான விளக்கம் இல்லை. மருத்துவர் செய்வது இரண்டு மணி நேர வேலை. நோயுற்றவரும் உடனிருப்பவரும் செய்ய வேண்டியதோ வாழ்நாள் வேலை. எந்த முறை சிறந்தது என்ற கேள்விக்கு விடை, அந்த நால்வரும் கூடி அமர்ந்து, அந்த ஒருவருடைய உடலையும் வாழ்க்கையையும் பார்த்துக் கூற வேண்டியதாகும்.